டீசல் ஃபோர்க்லிஃப்ட்டா, பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்டா? ஒரு ஷிப்ட் கணக்கு

கொட்டேஷன் இரண்டும் மேசையில் கிடக்கும். 3 டன் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஒன்று, அதே 3 டன் தூக்கும் பேட்டரி வண்டிக்கு ஒன்று. பேட்டரி வண்டி சில லட்சம் கூட. விற்க வந்தவர் டீசல் செலவே இல்லை என்பார். குடோன் சூப்பர்வைசர் மழையிலும் மேட்டிலும் ஓட டீசல்தான் வேண்டும் என்பார். இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் முடிவெடுக்க அது போதாது. உங்கள் இடத்தில் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது, எந்தத் தரையில் ஓடுகிறது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார் என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே டீசல் வண்டி இருந்தால் அதன் ஹவர் மீட்டரிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டீசல் வண்டியில் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் மீட்டரும் ஓடும். லாரி வரும்வரை டாக்கில் ஐடிலில் நின்றது, ஆபரேட்டர் என்ஜினை நிறுத்தாமல் டீ குடிக்கப் போனது எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். பேட்டரி வண்டிகள் பலவற்றில் ஓட்டும் மோட்டாரோ பம்ப் மோட்டாரோ சுற்றும்போதுதான் மீட்டர் நகரும். எனவே டீசலில் 1,500 மணி நேரம் காட்டிய அதே வேலை, பேட்டரி வண்டியில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடலாம். மணிக்கு மணி ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒரு ஷிப்ட் வேலைக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒப்பிடுவதுதான் சரி.

போட்டுப் பார்ப்போம். 3 டன் டீசல் வண்டி, எட்டு மணி நேர ஷிப்ட்டில் மீட்டர் 6 மணி நேரம் ஓடுகிறது, 16 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,472 ரூபாய். ஆயில், ஃபில்டர், மற்ற சர்வீஸுக்கு மணிக்கு 20 ரூபாய் வீதம் 120. ஆக சுமார் 1,590 ரூபாய்.

அதே வேலைக்கு பேட்டரியிலிருந்து 30 யூனிட் போதும் என்று கொள்வோம். ஆனால் சுவரிலிருந்து 30 யூனிட் மட்டும் எடுத்தால் போதாது. ஈயத் தட்டும் ஆசிட்டும் உள்ள வழக்கமான லெட் ஆசிட் பேட்டரியில் சார்ஜரிலும், பேட்டரி சூடாவதிலும், கடைசி நேரத்தில் வாயு கிளம்புவதிலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். மீட்டரில் 43 யூனிட் ஏறும். யூனிட் 8 ரூபாய் என்றால் 344 ரூபாய்.

விற்பவரின் கணக்கு இங்கே நின்றுவிடும். விட்டுப்போனது பேட்டரியின் தேய்மானம். பேட்டரி என்பது முன்பணம் கொடுத்து மொத்தமாக வாங்கி வைத்த எரிபொருள் மாதிரி. 80 வோல்ட் 500 ஆம்பியர் அவர் பேட்டரியில் 40 யூனிட் இருக்கும், அதில் 80 சதவீதம், அதாவது 32 யூனிட்தான் எடுக்கலாம். நம் ஷிப்ட் அதில் ஏறக்குறைய முழுவதையும் எடுத்துவிடுகிறது, எனவே ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு சைக்கிள், அதாவது ஒருமுறை காலியாகி மறுபடி நிறைவது. ஒழுங்காகப் பராமரித்தால் வண்டி ஓட்டுவதற்கென்றே செய்த நல்ல டிராக்ஷன் பேட்டரி 1,500 சைக்கிள் தாங்கும். பேட்டரி விலை 5 லட்சம் என்றால் ஒரு ஷிப்ட்டுக்கு 333 ரூபாய் தேய்மானம். மின்சாரத்தோடு சேர்த்து 677. டீசலோடு ஒப்பிட்டால் ஒரு ஷிப்ட்டுக்கு 900 ரூபாய்க்கு மேல் மிச்சம், 300 நாளுக்கு இரண்டே முக்கால் லட்சம். கொட்டேஷனில் கூடுதலாகத் தெரிந்த தொகையில் பெரும்பகுதி அந்த முதல் பேட்டரியும் சார்ஜரும்தான் என்பதால், இந்த இடத்தில் பேட்டரி வண்டிக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அதே வண்டி நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது என்று வையுங்கள். டீசல் 5 லிட்டரும் சர்வீஸும் சேர்த்து 500 ரூபாய். பேட்டரி பக்கம் மின்சாரம் 115 ரூபாய்தான். ஆனால் பேட்டரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். ஆறு வருடத்தில் மாற்ற வேண்டும் என்றால் 5 லட்சத்தை 1,800 நாளால் வகுக்க நாளுக்கு 278 ரூபாய். மொத்தம் 393. மிச்சம் நூறு ரூபாய்தான். சார்ஜிங் இடம், தனி வயரிங், எக்ஸாஸ்ட் ஃபேன் செலவை எடுக்கவே அது பத்தாது. குறைவாக ஓடும் வண்டிக்குப் பேட்டரி வாங்க வேண்டுமென்றால் புகை, சத்தம், சட்டம் என்று வேறு காரணம் இருக்க வேண்டும். பணத்தை அங்கே காரணமாகச் சொல்ல முடியாது.

கரண்ட் எங்கிருந்து வருகிறது

மின்தடை அதிகமுள்ள இடத்தில் ஜெனரேட்டரில் சார்ஜ் போடுவது வழக்கமாகிவிட்டால் மேலே போட்ட கணக்கு முழுக்கக் கலைந்துவிடும். நடுத்தர ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் கொடுக்கும். நமக்கு வேண்டிய 43 யூனிட்டுக்கு 13 லிட்டர் டீசல். வண்டியில் 16 லிட்டர் ஊற்றுவதற்குப் பதில் ஜெனரேட்டரில் 13 லிட்டர் ஊற்றி, கூடவே பேட்டரியையும் தேய்க்கிறோம்.

தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு காலை, மாலை பீக் நேரத்தில் யூனிட் விலைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. ஷிப்ட் முடிந்ததும் ஆபரேட்டர் ஆறு மணிக்கு பிளக்கைச் செருகிவிட்டுப் போனால் எட்டு மணி நேர சார்ஜில் பாதி பீக்கில் விழும். சார்ஜரில் தாமதத் தொடக்கம் வைக்கும் வசதி இருந்தால் பத்து மணிக்கு வையுங்கள். பேட்டரிக்கும் சூடு தணிய நேரம் கிடைக்கும்.

டிமாண்டையும், அதாவது ஆலை ஒரே நேரத்தில் இழுக்கும் மொத்த லோடையும் பாருங்கள். மாதத்தின் உச்ச டிமாண்டுக்கு பில்லில் தனிக் கட்டணம் உண்டு. 80 வோல்ட், 80 ஆம்பியர் சார்ஜர் ஒன்று சுமார் 10 கேவிஏ இழுக்கும். லித்தியம் பேட்டரிக்கான 200 ஆம்பியர் வேகச் சார்ஜர் 20 கேவிஏ. மூன்று லித்தியம் வண்டிகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரேயடியாகச் செருகினால் 60 கேவிஏ திடீரென்று ஏறும். மாதத்தின் உச்ச டிமாண்ட் அங்கேயே பதிவாகிவிடும். ஒரு வண்டியைக் கழற்றிய பிறகு அடுத்ததைச் செருகினால் இந்தச் செலவு இல்லை. வண்டி வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் இதைப் பேசியிருக்க வேண்டும்.

1,500 சைக்கிள் ஏன் 700 ஆகிறது

பேட்டரி வண்டி மோசம் என்று பேர் வாங்குவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். 700 சைக்கிளில் பேட்டரி செத்தால் தேய்மானம் ஷிப்ட்டுக்கு 714 ரூபாய், மிச்சம் 900 சொச்சத்திலிருந்து சுமார் 530 ரூபாயாகச் சுருங்கிவிடும். பேட்டரி சாவதற்கான காரணங்கள் கையால் எண்ணக்கூடியவை. எல்லாமே தடுக்கக்கூடியவை.

முதலாவது தண்ணீர். 80 வோல்ட் பேட்டரியில் 40 செல். ஒவ்வொன்றையும் வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சார்ஜ் முடிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜாகும்போது ஆசிட் விரிந்து வாயுவோடு பொங்கி வழியும். வழிந்த ஆசிட் இரும்பு ட்ரேயை அரிக்கும், ஈரத்தின் வழியே கரண்ட் வண்டி பாடிக்குக் கசியும். பிறகு மோட்டார்களை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான கன்ட்ரோலர் புரியாத ஃபால்ட் கோடு காட்டும். தட்டுகள் காய்ந்து வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவு கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம். தாது உப்புகளை நீக்கிய டிஎம் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீர் குடிக்க நன்றாயிருக்கிறது என்பதால் பேட்டரிக்கும் ஆகும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அதில் எஞ்சியிருக்கும் குளோரைடும் இரும்பும் தட்டைத் தின்னும். ஆசிட் சேர்க்கவே கூடாது.

இரண்டாவது, இடையிடையே சார்ஜ் போடுவது. ஃபோனுக்குப் போடுகிற பழக்கத்தில் அரைமணி கிடைத்தாலும் செருகுவார்கள். லெட் ஆசிட்டுக்கு இது ஆகாது. சூடு தணியவே விடாமல் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை ஏற்றினால் ஆயுள் வேகமாகக் குறையும். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஓய்வு என்பதுதான் அதன் இயல்பு. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சனிக்கிழமை மாலை காலியான பேட்டரியை அப்படியே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை சார்ஜ் போடுவது. தட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும்.

மூன்றாவது, 20 சதவீதத்துக்குக் கீழே ஓட்டுவது. அந்த அளவு வந்ததும் ஃபோர்க் தூக்குவதை வண்டியே நிறுத்தும்படி அமைத்திருப்பார்கள். அவசர லோடு என்று அதை பைபாஸ் செய்யச் சொல்கிறவர் உங்கள் ஆலையிலும் இருப்பார். பேட்டரி மட்டுமல்ல, வோல்டேஜ் இறங்கும்போது அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும், கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சின் முனைகள் உருகி ஒட்டும், கன்ட்ரோலர் சூடாகும்.

நான்காவது நம் ஊர் வெயில். பேட்டரியின் சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் சார்ஜ் போட்டால் ஆசிட் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சார்ஜிங் இடம் வடக்குப் பார்த்த சுவரோரம், காற்றோட்டத்தோடு இருக்கட்டும். சார்ஜின்போது பேட்டரி மூடி திறந்திருக்க வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அது மேலே போய்த் தங்கும் வாயு என்பதால் காற்றுவழி கூரையோரம் இருக்க வேண்டும், ஜன்னல் உயரத்தில் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டரும் ஒரு நோட்டும் போதும். முழு சார்ஜில் ஆசிட்டின் ஒப்படர்த்தி 1.280 வாக்கில் இருக்கும், 80 சதவீதம் காலியானதும் 1.140 பக்கம் வரும். நாற்பது செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.030க்கு மேல் குறைந்து நின்றால், எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வாராந்திர ஈக்வலைசிங் சார்ஜ் கொடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் அந்த செல்தான் வண்டியைச் சீக்கிரம் நிறுத்துகிறது. வாரன்டி கேட்கும்போது இந்த நோட்டு இல்லாமல் பேசவே முடியாது.

இதைச் செய்ய ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க முடியாது என்றால் லெட் ஆசிட் வாங்காதீர்கள்.

லித்தியம்

தண்ணீர் வேண்டாம், இடையிடையே செருகலாம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிறையும், சுவரிலிருந்து 34 யூனிட் எடுத்தால் அந்த 30 யூனிட் வேலை நடக்கும். இரண்டு ஷிப்ட் ஓடும் இடத்தில் லெட் ஆசிட் என்றால் உதிரி பேட்டரி வேண்டும், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அதை மாற்ற ரோலர் ஸ்டாண்டோ கிரேனோ வேண்டும். அங்கே லித்தியம்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரும்பு பாஸ்பேட் வகை செல்களையே கேளுங்கள்.

கவனிக்க வேண்டியது பழைய லெட் ஆசிட் வண்டியில் லித்தியம் பெட்டியைப் பொருத்தித் தரும் வேலை. முன்னால் தூக்கும் சுமையைப் பின்பக்க எடையால் (கவுண்டர் வெயிட்) சமன் செய்யும் கவுண்டர் பேலன்ஸ் வண்டியில் பேட்டரியின் எடையும் கவுண்டர் வெயிட்டில் ஒரு பங்கு. வண்டியின் பெயர்ப்பலகையில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை எழுதியிருக்கும். லித்தியம் லேசானது என்பதால் இரும்புக் கட்டை வைத்து அந்த எடையைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் 3 டன்னைத் தூக்கும்போது பின்சக்கரம் மிதக்கும், ஸ்டியரிங் லேசாகும், ஃபோர்க் ஏறி இறங்கும் மாஸ்டை முன்னால் சாய்த்தால் வண்டி கவிழும். இன்னொன்று, செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற எலக்ட்ரானிக் அமைப்பு வண்டியின் கன்ட்ரோலரோடு பேச வேண்டும். பேசாத பெட்டி, செல் சூடானதும் எச்சரிக்கையே தராமல் மொத்தக் கரண்டையும் துண்டிக்கும். ஃபோர்க் நாலு மீட்டர் உயரத்தில் பாலட்டோடு நிற்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

குளிர்பதனக் கிடங்கில் லித்தியம் வண்டி ஓடலாம், ஆனால் செல் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. ஹீட்டர் உள்ள பேட்டரி வாங்குங்கள், இல்லையென்றால் வெளியே கொண்டுவந்து சார்ஜ் போடுங்கள்.

டீசலுக்கு உரிய இடம்

கல் பெயர்ந்த யார்டு, மழைக்காலத்தில் சேறு, நீண்ட ரேம்ப், 5 டன்னுக்கு மேல் சுமை, குறைந்த மணி நேரம். இதில் இரண்டு சேர்ந்து வந்தால் டீசல் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுவில் நின்றால் கேனில் டீசல் கொண்டுபோய் ஊற்றி ஐந்து நிமிடத்தில் ஓட்டலாம்.

ரேம்ப் பற்றி ஒரு கணக்கு. 5 டன் எடையுள்ள வண்டி 3 டன் சுமையோடு 2 மீட்டர் உயரம் ஏற, இழப்பையும் சேர்த்து, சுமார் 0.06 யூனிட். ஒரு நாளைக்கு நூறு முறை ஏறினால் 6 யூனிட், நம் 30 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கரண்ட் செலவாக அது பெரிதில்லை. மோட்டார் சூடுதான் பிரச்சினை. காட்டலாக்கில் ஓட்டும் மோட்டாருக்கு எஸ்2 60 நிமிடம் என்றும், தூக்கும் மோட்டாருக்கு எஸ்3 15 சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். ஓட்டும் மோட்டார் தன் முழுத் திறனில் தொடர்ந்து ஒரு மணி நேரமும், தூக்கும் மோட்டார் பத்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடமும் ஓடத்தான் செய்யப்பட்டது என்று அர்த்தம். பஞ்சுப் பொதியை (பேல்) இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் பேல் கிளாம்ப் பொருத்தி நாள் முழுக்க ஹைட்ராலிக்கை இயக்குகிற இடத்தில் இதைச் சொல்லி பெரிய பம்ப் மோட்டார் கேட்க வேண்டும்.

கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பேட்டரிக்கு மாற வேண்டிய முதல் இடம். பஞ்சு பேல் ஒன்று 170 கிலோ. கிளாம்பில் நாலு பேல் என்றாலும் 700 கிலோவை எட்டாது. கிளாம்பின் எடையையும், சுமையின் மையம் முன்னால் தள்ளிப்போவதையும் கழித்தாலும் அங்கே பெரிய வண்டி தேவைப்படுவதில்லை. டீசல் வண்டி அங்கே பஞ்சுத் தூசியால் திணறும். ஃபோர்க்லிஃப்ட்டில் ஃபேன் காற்றை கவுண்டர் வெயிட் வழியாக வெளியே தள்ளும். எனவே தூசி ரேடியேட்டரின் உள்பக்கம், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் படியும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், வண்டியோ சூடாகிக்கொண்டே இருக்கும். ஏர் அடிக்கும்போது கவுண்டர் வெயிட் பக்கமிருந்து உள்நோக்கி அடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், என்ஜினின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் படிந்த பஞ்சு தீப்பிடிக்கும். பேல் குடோனுக்குள் டீசல் வண்டியை விடவே கூடாது.

மூடிய குடோனில் ஆட்கள் நாள் முழுக்க நின்று வேலை செய்தால், கணக்கு டீசலுக்குச் சாதகமாக இருந்தாலும் பேட்டரியே வாங்குங்கள். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் சேர்த்துவிட்டது. கன்டெய்னருக்குள் போய் லோடு ஏற்றும்போது அந்தப் புகை முழுவதும் உள்ளே நிற்கும் ஆளுக்குத்தான். எல்பிஜி வண்டியில் கரும்புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையும் இல்லை.

டீசல் வாங்கினால் 250 மணிக்கு ஆயில், ஃபில்டர் என்ற ஒழுங்கோடு இரண்டு விஷயம் பாருங்கள். இடது காலை, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதற்கான இன்ச்சிங் பெடலில் வைத்தபடியே ஓட்டும் ஆபரேட்டரின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் ஆயில் கருகிய வாடை வரும், கிளட்ச் தட்டுகள் சீக்கிரம் போகும். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உள்ள புது வண்டி என்றால், பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வேலை அதற்கு ஒத்துவராது. சூடேறாமல் கரி அடைக்கும்.

பேட்டரி வண்டி வெளியே கொஞ்சம் மழையில் போய்வரலாம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் பிரஷர் வாஷர்தான். கன்ட்ரோலர் கனெக்டரில் தண்ணீர் இறங்கினால் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆர்டர் போடும் முன் டெமோ வண்டியை உங்கள் இடத்துக்கே வரவழையுங்கள். ஷோரூம் தரையில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். உங்கள் ஆபரேட்டர், உங்கள் சுமை, உங்கள் ரேம்ப், ஒரு முழு ஷிப்ட். காலையில் பேட்டரி சதவீதத்தைப் படம் எடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள், ஷிப்ட் முடிவில் 20க்கு மேல் நிற்கிறதா பாருங்கள். அன்று இரவு சார்ஜரின் லைனில் ஒரு சப் மீட்டர் போட்டு, மறுநாள் காலை எத்தனை யூனிட் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் 43க்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டு கணக்கை மறுபடி எழுதுங்கள்.